மாலை நான்கு மணிக்கு மேல் என்ன செய்வது? டென்மார்க்கில் வேலைக்கு வந்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

உலக மகிழ்ச்சி அறிக்கை 2012இல் முதன்முதலாக வெளிவந்தபோது பட்டியலின் உச்சியில் இருந்தது டென்மார்க். 2013, 2016 ஆண்டுகளிலும் அதே இடம். 2018இலிருந்து பின்லாந்து முந்திக்கொண்டாலும், டென்மார்க் முதல் சில இடங்களை விட்டு இறங்கவே இல்லை. அந்தப் பட்டியலில் இடத்தைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியாக வாழ்க்கையை வைத்துக்கொண்டால், இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அதற்கு டேனிஷ்காரர்கள் சொல்லும் பதிலில் இருப்பது பெரும்பாலும் ஒரு நிம்மதி. வேலை போனாலும் தெருவுக்கு வந்துவிட மாட்டோம், பிள்ளை பிறந்தால் வேலையை விட வேண்டியதில்லை, மாலைப் பொழுது நமக்குச் சொந்தம் என்ற நிம்மதி.

முதல் இரண்டையும் அரசும் தொழிற்சங்கங்களும் ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. மூன்றாவதை அவரவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். கோபன்ஹேகனுக்கோ ஆர்ஹூஸுக்கோ வேலைக்கு வந்து சேர்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளும் சனி ஞாயிறும் கையில் இருக்கும். அவற்றை வீட்டுக்குக் கொடுப்பதா, விளையாட்டு, பாட்டு போன்றவற்றுக்கான உள்ளூர்ச் சங்கத்துக்கா, வகுப்புக்கா, கூட்டு வாழ்க்கைக்கா, நம்மவர் வட்டத்துக்கா? ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு, காத்திருக்க வேண்டிய காலம், தேவைப்படும் டேனிஷ் மொழி, இரண்டு வருடம் கழித்துக் கையில் மிஞ்சுவது ஆகியவற்றை வைத்து எடைபோடலாம். எங்கள் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறோம்: ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சங்கத்தில் சேருங்கள், சேர்ந்த கையோடு அதில் ஒரு சிறு பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாலையைக் காப்பாற்றுங்கள்

டென்மார்க்கில் முழுநேர வேலை என்பது வாரம் 37 மணிநேரம், நாளுக்கு 7.4. இது நாடாளுமன்றம் போட்ட சட்டமல்ல, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களில் உள்ள எண். குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இங்கே கிடையாது. 1899 செப்டம்பர் உடன்பாட்டிலிருந்து வேலை தொடர்பான பெரும்பாலானவற்றை இரு தரப்பும் பேசித்தான் முடிக்கின்றன. ஆகவே உங்கள் மாலை எவ்வளவு பத்திரமானது என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, மதிய உணவு இடைவேளைக்குச் சம்பளம் உண்டா என்பது. தனியார் நிறுவனங்களில் அந்த அரைமணி பல இடங்களில் கணக்கில் வராது, அப்போது அலுவலகத்தில் இருப்பது வாரம் 39.5 மணிநேரம் ஆகிவிடும். இன்னொன்று, கூடுதல் வேலையும் சம்பளத்துக்குள் அடக்கம் என்ற வாசகம். ஐடி, பொறியியல் வேலைகளில் அது அடிக்கடி வரும். அது இருந்தால், எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதை மேலாளரிடம் நேரடியாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் செய்யும் தவறு, இரவு ஏழு மணிவரை உட்கார்ந்து உழைப்பைக் காட்ட முயல்வது. டேனிஷ் மேலாளர் அதைப் பார்த்தால், இவருக்கு வேலை அதிகமாகிவிட்டதா அல்லது திட்டமிடத் தெரியவில்லையா என்றுதான் யோசிப்பார். அவர் எதிர்பார்ப்பது செவ்வாய்க்கிழமையே நீங்கள் போய், “இந்த வாரம் நான்கும் முடியாது, எது முதலில்?” என்று கேட்பதை. குழந்தைகள் காப்பகம் ஐந்து மணிக்குள் மூடிவிடும், வெள்ளிக்கிழமை இன்னும் முன்னதாகவே. அதனால் மூன்றரை மணிக்கு மேல் கூட்டம் வைக்க யாரும் விரும்புவதில்லை. குழந்தை இல்லாதவர்களும் தங்கள் காலண்டரில் அந்த நேரத்தை அடைத்துவைத்துக்கொள்ளலாம்.

வேலைநேரத்தையே குறைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கு இதோ. மாதம் 45,000 குரோனர் சம்பளத்தில் 37 மணியை 32 ஆக்கினால் சம்பளம் ஏறத்தாழ 38,900 ஆகும். குறைவது சுமார் 6,100. மேல்மட்ட வரிக்கு (அதிக வருமானத்துக்கான கூடுதல் வரி) வராத சம்பளத்தில் கடைசிக் குரோனருக்கு ஏறக்குறைய 42% வரியாகப் போவதால், கைக்கு வருவதில் குறைவது 3,500 சுற்றித்தான். ஓய்வூதியச் சேமிப்பும் அதே விகிதத்தில் குறையும். வாரத்துக்கு ஐந்து மணிநேரத்துக்கு இது நல்ல விலை. ஆனால் வேலைப் பட்டியலும் அதே அளவுக்குக் குறைக்கப்பட்டதென்று எழுத்தில் இல்லாவிட்டால், 37 மணி வேலையை 32 மணிச் சம்பளத்துக்குச் செய்வீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து சம்பள வரம்புத் திட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கு இதில் ஆபத்தும் உண்டு: வாரம் 30 மணிக்குக் குறையக் கூடாது, ஆண்டுச் சம்பளம் அரசு நிர்ணயித்த வரம்புக்குக் கீழே போகக் கூடாது. வரம்பை ஒட்டிச் சம்பளம் வாங்குபவர் மணிநேரத்தைக் குறைத்தால் வேலை அனுமதியே கேள்விக்குள்ளாகும். அவர்கள் 37இல் இருந்துகொண்டு விடுப்பைச் சரியாகப் பயன்படுத்துவது மேல்.

விடுப்பு மாதத்துக்கு 2.08 நாள் சேரும், வருடத்துக்கு ஐந்து வாரம். 2020 செப்டம்பரிலிருந்து, சேர்ந்த நாளை அடுத்த மாதமே எடுக்கலாம். செப்டம்பர் 1 தொடங்கிச் சேர்ப்பதை அடுத்த வருடம் டிசம்பர் 31 வரை செலவழிக்கலாம். பல ஒப்பந்தங்களில் இதற்கு மேல் இன்னும் ஐந்து நாள் உண்டு. ஐந்து வாரத்தையும் சேர்த்துவைத்து டிசம்பரில் ஊருக்குப் போவோம் என்று திட்டமிடுவதில்தான் சிக்கல் வரும். ஜூலையில் பாதி நாடு பூட்டிக்கிடக்கும். நிறுவனம் மூன்று மாதம் முன்னதாக அறிவித்துவிட்டுக் கோடையில் மூன்று வாரத்தை உங்கள் கணக்கிலிருந்து எடுக்கவைக்கலாம். மார்ச்சில் வேலையில் சேர்ந்தவரிடம் ஜூலையில் இருப்பது எட்டு நாள்தான், மீதியைச் சம்பளமில்லாமல் கழிக்க நேரும். சேரும்போதே முன்கூட்டிய விடுப்பு கேட்டுக்கொண்டால் இந்தப் பிரச்சினை வராது.

வீடும் மெழுகுவர்த்தியும்

வெளிநாட்டில் டேனிஷ் வாழ்க்கை என்றதும் எல்லோரும் சொல்வது ஹூகா: மெழுகுவர்த்தி, கம்பளிப் போர்வை, நான்கைந்து நெருங்கியவர்கள், அவசரமில்லாத பேச்சு. செலவு மிகக் குறைவு, காத்திருப்பு இல்லை, மொழியும் தேவையில்லை. டிசம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் சூரியன் காலை எட்டரைக்கு மேல் எழுந்து மாலை நான்கு அடிப்பதற்குள் மறைந்துவிடும். இருட்டில் போய் இருட்டில் திரும்பும் அந்த வாரங்களில் வீட்டைத் தாழ்ந்த மஞ்சள் விளக்குகளால் நிரப்புவது உண்மையாகவே மனசுக்கு இதம் தரும். கூரையில் ஒரே ஒரு வெள்ளை டியூப்லைட் என்ற நம்மூர் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அறைக்கு மூன்று நான்கு சிறு விளக்குகள், கண் மட்டத்துக்குக் கீழே, 2700 கெல்வின் பல்புகள் போதும். மெழுகுவர்த்தி ஏற்றினால் நுண்துகள் அறையில் சேரும், அணைத்த பிறகு ஐந்து பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

உடம்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கருநிறத் தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது டென்மார்க் சுகாதாரத் துறையின் பரிந்துரை. தமிழர்கள் பெரும்பாலோருக்கு இது பொருந்தும். குளிர்காலத்து அசதிக்கு வேறு காரணம் தேடுமுன் இதைச் செய்யுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சக ஊழியர்கள் கால்மணி நேரம் வெளியே நடக்கக் கிளம்பினால் கூடவே போங்கள். அன்றைக்குக் கிடைக்கும் வெளிச்சம் அவ்வளவுதான்.

ஆனால் புதிதாக வந்தவருக்கு ஹூகா தனிமையைத் தீர்ப்பதில்லை. அது ஏற்கெனவே நெருக்கமானவர்களை இன்னும் நெருக்கமாக்கும் பழக்கம். பள்ளிக் காலத்து நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும் டேனிஷ்காரர் உங்களை அந்த மேசைக்கு அழைக்க வருடக்கணக்காகலாம். அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை, அவர் மாலைகள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. காலண்டரை வாரத்தின் எண்ணால் பேசும் ஊர் இது. “42ஆம் வாரம் முடியாது, 44இல் பார்ப்போமா?” என்று கேட்டால் அது தட்டிக்கழிப்பு இல்லை. நாளைக் குறித்துக்கொண்டு, சொன்ன நிமிடத்துக்குப் போய் நில்லுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போவதும் இங்கே சங்கடம்தான்.

சங்கம்

டென்மார்க்கில் பாட்மின்டன் ஆடவும், சேர்ந்திசை பாடவும், தேனீ வளர்க்கவும், படகு ஓட்டவும், அணுகுண்டை எதிர்க்கவும் சங்கம் உண்டு. மக்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் வருடத்தில் ஏதாவது தன்னார்வப் பணி செய்கிறார்கள், அதில் பெரும்பகுதி இந்தச் சங்கங்களில்தான் நடக்கிறது. மக்கள் கல்விச் சட்டத்தின்படி நகராட்சிகள் (கொம்யூன்கள்) இவற்றுக்கு இடமும் மானியமும் தர வேண்டும். பள்ளி உடற்பயிற்சிக் கூடங்கள் மாலையில் திறந்திருப்பது அதனால்தான். உள்ளரங்க விளையாட்டு ஒன்றுக்கு ஒரு பருவத்துக்குப் பெரியவர் கட்டுவது பெரும்பாலும் ஆயிரம் குரோனர் சுற்றி வரும். தனியார் ஜிம்மில் நான்கைந்து மாதச் சந்தா அதே தொகை. ஜிம்மில் காதில் ஹெட்போனோடு ஒருவரோடொருவர் பேசாமல் ஓடுவார்கள். சங்கத்தில் வலை கட்டவே இரண்டு பேர் வேண்டும்.

நேரம் முக்கியம். உள்ளரங்கப் பருவம் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். ஜனவரியில் போய்க் கதவைத் தட்டினால் ஜோடிகளும் மைதான நேரங்களும் முடிவாகியிருக்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நகராட்சியின் இணையதளத்தில் சங்கப் பட்டியலைப் பாருங்கள், வீட்டிலிருந்து சைக்கிளில் 15 நிமிடத்துக்குள் உள்ள மூன்றைக் குறியுங்கள். நவம்பர் மழையில் அதற்கு மேலான தூரத்தை யாரும் தாண்டுவதில்லை. இரண்டு மூன்று தடவை இலவசமாக வந்து பார்க்கச் சொல்வார்கள். பிடித்தால் இணையத்தில் பதிவு, பணம் கார்டிலோ மொபைல்பே என்ற கைபேசிச் செயலியிலோ. மொபைல்பேக்கு டேனிஷ் வங்கிக் கணக்கு வேண்டும், அதற்கு முன் சிபிஆர் எண் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்) வேண்டும். ஆகையால் வந்து இரண்டு மாதத்துக்குள் இந்த வரிசையை முடித்துவிடுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எப்படிப் போகும் என்று பாருங்கள். ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் ஆறே முக்காலுக்குச் சிலர் வந்து கம்பங்களை உருட்டிக்கொண்டு வருவார்கள். ஒன்பதுக்கு முடியும். வலையைச் சுருட்டி வைத்தபின் ஒருவர் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றுவார், இன்னொருவர் கேக்கை வெட்டுவார். பேச்சு நடப்பது அந்த இருபது நிமிடத்தில்தான். புதியவர்கள் பலர் சட்டையை மாற்றிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிடுகிறார்கள், பிறகு ஆறு மாதம் ஆடியும் ஒருவரும் நண்பராகவில்லை என்று வருந்துகிறார்கள். காபிக்கு இருங்கள். மூன்றாவது வாரம் கேக் உங்கள் முறை என்று நீங்களே சொல்லுங்கள்.

பொறுப்பு எடுப்பது என்றால் என்ன? பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும். எல்லாச் சங்கங்களிலும் நிகழ்ச்சி நிரல் ஏறத்தாழ ஒன்றே: கூட்டத்தை நடத்துபவர் தேர்வு, தலைவரின் அறிக்கை, கணக்கு, வந்த தீர்மானங்கள், சந்தா, நிர்வாகக் குழுத் தேர்தல், இதர விஷயங்கள். இதரப் பகுதியில் எதுவும் பேசலாம், எதையும் முடிவு செய்ய முடியாது. புதிய யோசனை இருந்தால் விதியில் சொன்ன கெடுவுக்குள் (ஓரிரு வாரம் முன்பு) எழுதி அனுப்ப வேண்டும். நல்ல யோசனையை இதரப் பகுதியில் எழுப்பி, ஏன் யாரும் ஏற்கவில்லை என்று மனம் உடைபவர்கள் இந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ளாதவர்கள். தேர்தலில் மாற்று உறுப்பினர் பதவிக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கடினம். அரைகுறை டேனிஷோடு இருப்பவருக்கு அதுதான் சரியான வாசல்: எல்லாக் கூட்டத்துக்கும் போகலாம், முழுப் பாரம் தலையில் ஏறாது. பிள்ளைகளுக்குப் பயிற்சி தர முன்வந்தால், 15 வயதுக்குட்பட்டவர்களோடு பழகுபவர்களுக்கான காவல்துறைச் சான்றைச் சங்கம் கேட்கும். டிஜிட்டல் தபாலில் (அரசின் இணைய அஞ்சல் பெட்டி) சம்மதம் கொடுத்தால் போதும், சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பொறுப்பில் கற்பது அலுவலகத்துக்கும் வரும். கூட்டத்தில் தலைவரோடு எல்லோரும் சமமாக வாதிடுவது, ஓட்டுப் போட்டபின் தோற்றவரும் சேர்ந்து நாற்காலி அடுக்குவது, பெயர் சொல்லி அழைப்பது என எல்லாமே டேனிஷ் அலுவலகத்தின் வழக்கங்கள்தான். இயக்குநரிடம் “நீங்கள் சொல்வது சரியில்லை” என்று சொல்லத் தயங்குபவர் முதலில் பாட்மின்டன் சந்தாவைப் பற்றி அப்படிச் சொல்லிப் பழகலாம்.

மற்ற தேர்வுகள்

மொழி வகுப்பைச் சங்கத்துக்கு மாற்று என்று பார்க்காமல் துணை என்று பாருங்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு ஐந்து வருடத்துக்குள் மூன்றரை வருடக் கற்பித்தல் கிடைக்கிறது. கட்டணம் இல்லை, 2,000 குரோனர் முன்பணம் மட்டும் கட்ட வேண்டும். ஒரு பகுதியைக் கெடுவுக்குள் முடிக்காவிட்டால் அது போய்விடும். பட்டம் பெற்றவர்களை வேகமான மூன்றாம் பாதையில் சேர்ப்பார்கள். பாதியில் விடுபவர்கள் அதிகம், ஏனென்றால் அலுவலகத்தில் ஆங்கிலமே ஓடுகிறது, கற்ற டேனிஷைப் பேச இடமில்லை. சங்கத்தின் காபி மேசை அந்த இடத்தைத் தரும்.

மக்கள் உயர்பள்ளி (ஃபோல்க்ஹோய்ஸ்கோலே) டென்மார்க்கின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டு டேனிஷ் பாதிரியாரும் சிந்தனையாளருமான குருண்ட்விக்கின் சிந்தனையில் பிறந்து 1844இல் ரோட்டிங்கில் முதலாவது தொடங்கியது. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. சேர்ந்து தங்கி, சேர்ந்து பாடி, பிடித்ததைக் கற்பார்கள். 1921இல் ஹெல்சிங்கோரில் தொடங்கிய சர்வதேச மக்கள் கல்லூரியில் ஆங்கிலத்திலேயே பாடம் நடக்கிறது. ஆனால் மாதக்கணக்கான படிப்பு வேலையில் இருப்பவருக்குச் சரிவராது, வேலையோடு கட்டப்பட்ட அனுமதியில் வந்தவருக்கு இயலவே இயலாது. கோடை விடுப்பில் ஒரு வாரப் படிப்பு எடுக்கலாம். உணவும் தங்குமிடமும் சேர்த்து ஐயாயிரம் குரோனருக்கு மேல் ஆகும். அருமையான வாரம், ஆனால் அங்கே கிடைக்கும் நண்பர்கள் நாடெங்கும் சிதறியிருப்பார்கள்.

கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பு ஆழத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஹில்லெரோட் அருகே 1972இல் குடியேறிய செட்டெடாமன் இவற்றில் முன்னோடி. தனித்தனி வீடுகள், பொதுவாக ஒரு பெரிய வீடு, அங்கே பொதுச் சமையல். 30 பெரியவர்கள், வாரம் நான்கு பொதுச் சாப்பாடு, சமையலுக்கு இருவர் என்று வைத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு முறை சமையல் வரும், மற்ற நாட்களில் போய் உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு சிறு பிள்ளைகளோடு இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. தடைகளும் பெரியவை: வருடக்கணக்கில் காத்திருப்பு, வாங்குவதற்குக் கடன், கூட்டங்களில் நல்ல டேனிஷ். அதுவரை பொதுச் சாப்பாட்டு மேசைகளுக்குப் போய்ப் பாருங்கள். கோபன்ஹேகன் வெஸ்டர்புரோவில் தேவாலயமாக இருந்து 2015இல் மக்கள் இல்லமாகத் திறந்த அப்சலோனில் மாலை ஆறு மணிக்கு நீண்ட மேசைகளில் எல்லோரும் அறிமுகமில்லாதவர்களோடு அமர்ந்து சாப்பிடுவார்கள். சைவம் வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

குளிர்காலக் கடல் குளியலும் கொலோனிஹேவ் தோட்டமும் (சங்கத்திடமிருந்து வாடகைக்கு எடுக்கும், சிறு குடில் உள்ள தோட்டத் துண்டு) புகழ்பெற்றவை, ஆனால் தலைநகரில் இரண்டுக்கும் வரிசை மிக நீளம். கடலில் இறங்குவதானால் தனியாக வேண்டாம், முதல் தடவை ஒரு நிமிடம் போதும், தலைகீழாகக் குதிக்காதீர்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பல குளியல் சங்கங்களில் உடையில்லாமல்தான் இறங்குவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். தோட்டத்தில் வருடம் முழுக்கக் குடியிருக்க முடியாது. இரவு தங்க முடியாத வெறும் காய்கறிப் பாத்தி சீக்கிரம் கிடைக்கும்.

நம்மவர் வட்டமும் ஒரு வலுவான தேர்வு. 1980களின் நடுவிலிருந்து ஈழத் தமிழர்கள் அகதிகளாக வந்து நாட்டின் மேற்குப் பகுதியான யூலாந்தின் சிறு நகரங்களில் வேர்விட்டிருக்கிறார்கள். பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் ஹெர்னிங்கில் சித்திவிநாயகர் கோயிலும் அவர்கள் கட்டியெழுப்பியவை. முதல் குளிர்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சூப் கொண்டுவரப் போவது இந்த வட்டம்தான், இதற்கு மாற்று எதுவும் இல்லை. டேனிஷ் அலுவலகங்களோடும் பள்ளிகளோடும் நாற்பது வருடம் பழகிய அனுபவமும் அவர்களிடம் இருக்கிறது, கேளுங்கள். எல்லா மாலைகளையும் இங்கேயே கொடுத்துவிட்டால் மட்டும் மொழியும் அக்கம்பக்கமும் பழகாமல் போய்விடும்.

யாருக்கு எது

தனியாக வந்தவர் ஆகஸ்டில் சங்கத்தையும் மொழி வகுப்பையும் ஒன்றாகத் தொடங்குவது நல்லது. வாரம் மூன்று மாலைகள் போய்விடும், போகட்டும். குளிர்காலத்தின் நடுவில் வந்து சேர்ந்தவர் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். சேர்ந்திசைக் குழுக்கள் ஜனவரியிலும் ஆள் எடுக்கும், ஓட்டச் சங்கங்கள் ஆண்டு முழுக்க எடுக்கும்.

பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளை உள்ளவர்களுக்கு மாலை கிடைப்பது அரிது. அவர்களுக்குச் சங்கம் காப்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. காப்பகக் கட்டணத்தில் பெற்றோர் பங்கு 25%க்கு மேல் போகக் கூடாது, மீதியை நகராட்சி ஏற்கிறது. அதோடு நகராட்சிக் காப்பகங்களில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள நிர்வாகக் குழுவும் உண்டு. ஆண்டுதோறும் தேர்தல் வரும்போது கையைத் தூக்குங்கள்.

குழந்தை பிறக்கப்போகிறது என்றால் நகராட்சியின் தாய்சேய் செவிலியர் வீட்டுக்கு வரும்போது, அருகில் அதே மாதங்களில் பிள்ளை பெற்ற நான்கைந்து பேரைச் சேர்க்கும் தாய்மார் குழுவில் இடம் கேளுங்கள். குழந்தை வளர வளர அந்தக் குழு வாராவாரம் ஒருவர் வீட்டில் கூடும். 2022 ஆகஸ்ட் 2 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவருக்கும் தலா 24 வாரம் விடுப்பு உண்டு, வேலையில் இருப்பவர்களுக்கு அதில் 11 வாரத்தை மற்றவருக்கு மாற்ற முடியாது. தந்தையர் குழு எல்லா நகராட்சியிலும் இல்லை, செவிலியரிடம் கேட்டால் இருக்கும் இடத்தைச் சொல்வார். ஆங்கிலக் குழு வேண்டுமா என்று அவர் கேட்டால், டேனிஷ் ஓரளவு புரிகிறவர்கள் டேனிஷ் குழுவையே தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் நாடு மாறிவிடுவார்கள். டேனிஷ் குழுவில் இருப்பவர்களின் பிள்ளைகள் உங்கள் பிள்ளையோடு அதே பள்ளிக்குப் போவார்கள்.